சாக்ஸபோன் வந்த வழி: கத்ரி கோபால்நாத்தின் வாழ்வும் இசையும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதை, கதை, தன்வரலாறு பற்றிப் பேசுவது நம் வழக்கம். இன்று ஓர் இசைக்கருவியைப் பற்றியும், அதை வாசித்தே வாழ்ந்து முடித்த ஒரு மனிதரைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். கருவி சாக்ஸபோன். மனிதர் கத்ரி கோபால்நாத். 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார்.

இலக்கிய மன்றத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். நம் எழுத்துகளில் பறை ஓயாமல் ஒலிக்கிறது. பறையை யார் அடிப்பது, யாருக்காக அடிப்பது, எப்போது அடிக்க மறுப்பது என்ற கேள்விகளிலிருந்துதான் நம் இலக்கியத்தின் ஒரு பகுதியே பிறந்தது. அதே கேள்விகளை வெளிநாட்டிலிருந்து வந்த, நம் சாதிக் கணக்கில் எந்த இடமும் இல்லாத ஒரு கருவியிடம் கேட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே என் பேச்சு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கருவி நம் ஊருக்கு வரும்போது அதற்குச் சாதி கிடையாது. யார் கையில், எந்தத் தெருவில், எந்த மேடையில் அது ஒலிக்கிறது என்பதைப் பார்த்து நாம்தான் அதற்குச் சாதியை ஏற்றுகிறோம்.

கருவி

சாக்ஸபோனைச் செய்தவர் அடால்ஃப் சாக்ஸ். 1814-இல் பெல்ஜியத்தின் தினான் நகரில் பிறந்தவர். பாரீஸுக்குப் போய் 1846-இல் இந்தக் கருவிக்கு காப்புரிமை பெற்றார். உடல் பித்தளை, ஆனால் ஊதுமுனையில் நாணல் தகடு ஒன்று கட்டப்பட்டிருக்கும். அந்தத் தகடு அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது. அதனால் பித்தளையில் செய்திருந்தாலும் இதை மரக்குழல் வகையில் சேர்க்கிறார்கள். ராணுவ பேண்டுகளுக்காகவே முதலில் இது பயன்பட்டது. சிம்பொனி இசைக்குழுக்கள் இதைத் தம் வரிசையில் நிரந்தரமாக உட்கார வைக்கவே இல்லை. பெரிய வீட்டுக்குள் அழைக்கப்படாமல் வாசலிலேயே நின்ற கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாகஸ்வரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாகஸ்வரம் ஆச்சா மரத்தில் ஆனது. அதன் சீவாளியில் இரண்டு மடிப்பு நாணல். சாக்ஸபோனில் ஒரு தகடு. ஆனால் இரண்டுமே மேலே குறுகி, கீழே போகப் போக விரியும் குழல்கள். இதனால் இரண்டிலும் மூச்சை அழுத்தினால் ஒலி அடுத்த ஸ்தாயிக்குத் தாவும். நாகஸ்வரக்காரர் ஒருவருக்கு சாக்ஸபோன் முற்றிலும் அந்நியமாக இராது என்பதற்கு இது ஒரு காரணம்.

வேற்றுமையும் பெரிது. நாகஸ்வரத்தின் துளையை விரலால் நேரடியாகத் தொடலாம். பாதி மூடலாம், வழுக்கித் திறக்கலாம். கமகம் அங்கேதான் உயிர் பெறுகிறது. சாக்ஸபோனில் 20-க்கும் மேற்பட்ட துளைகள். எதையும் விரல் தொடாது. விரல் ஒரு சாவியை அழுத்த, அந்தச் சாவி ஒரு மூடியைத் துளைமேல் வைக்கும். திறந்தால் ஒரு ஸ்வரம், மூடினால் இன்னொரு ஸ்வரம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழியை உதட்டாலும் நாக்காலும் மூச்சாலும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கோபால்நாத்தின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் இந்த இடைவெளிக்குள் போனது.

கறுப்பின மக்களின் கையில்

இந்தக் கருவியை உலகம் அறிந்தது ஜாஸ் வழியாகத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு பேண்டு வாத்தியங்கள் பல எளிய மக்களின் கைக்கு வந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கறுப்பின மக்கள் அவற்றை ஊர்வலத்தில் வாசித்தார்கள், சவ அடக்கத்தில் வாசித்தார்கள், நடன அரங்கில் வாசித்தார்கள். 1920-களிலும் 30-களிலும் கோல்மன் ஹாக்கின்ஸ், லெஸ்டர் யங் ஆகியோர் சாக்ஸபோனை ஜாஸின் முதல் குரலாக்கினார்கள். பிறகு சார்லி பார்க்கர் வந்தார். 1920-இல் பிறந்து 1955-இல் 34 வயதில் மறைந்தவர். அவருக்குப் பின் ஜான் கோல்ட்ரேன்.

அந்த மேடைகள் எப்படி இருந்தன? நியூயார்க்கின் ஹார்லெமில் காட்டன் கிளப் என்று ஒரு புகழ்பெற்ற விடுதி. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். பார்வையாளராக உட்கார வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி. கலைஞனின் இசை வேண்டும், அவன் உறவினர் பக்கத்து நாற்காலியில் உட்காரக்கூடாது. கோயிலில் வாசிக்கலாம், கருவறைப் பக்கம் வரக்கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே நகரத்தில் மது விற்கும் அரங்குகளில் வாசிக்கக் காவல்துறை தரும் அட்டை ஒன்று வேண்டும். 1951-இல் பார்க்கரின் அட்டை பறிக்கப்பட்டது. உலகமே கொண்டாடிய கலைஞன் தன் ஊரிலேயே பிழைப்புக்கு அலைந்தான். ஜெர்மனியில் 1938-இல் நாஜிகள் 'சீரழிந்த இசை' என்று ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதன் சுவரொட்டியில் இருந்தது சாக்ஸபோன் ஊதும் ஒரு கறுப்பின மனிதனின் கேலிச்சித்திரம். அவன் மார்பில் யூத நட்சத்திரம். தாங்கள் வெறுத்த எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்க அவர்களுக்கு இந்தக் கருவி உதவியது.

1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை வெறியர்கள் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கோல்ட்ரேன் 'அலபாமா' என்ற இசையைப் பதிவுசெய்தார். அதில் ஒரு சொல்கூட இல்லை. கேட்பவருக்கு அது ஒப்பாரி என்று புரிந்துவிடுகிறது. சாவு வீட்டு இசையைத் தாழ்ந்தது என்று ஒதுக்கிவைத்த ஊரிலிருந்து வருகிற நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1946-இல் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபோது அமெரிக்காவின் பிளாக் பேந்தர்ஸிடமிருந்தே பெயரை எடுத்துக்கொண்டார்கள். அரசியலில் நமக்கு இருக்கும் இந்த உறவு இசையிலும் உண்டா என்ற கேள்வியோடு கோபால்நாத்திடம் வருகிறேன்.

சஜிபமூடாவிலிருந்து சென்னைக்கு

கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டம், பண்ட்வால் வட்டத்தில் சஜிபமூடா என்ற கிராமம். அங்கே 1949-இல் கோபால்நாத் பிறந்தார். தந்தை தனியப்பா நாகஸ்வர வித்வான். கோயில் வாத்தியம் வாசிக்கும் மரபில் வந்த குடும்பம். மகனும் முதலில் நாகஸ்வரத்தைத்தான் எடுத்தார். அவர் வாழ்க்கையைத் தலித் வரலாறு என்று நான் உரிமை கோரவில்லை. ஆனால் கோயிலுக்குத் தேவைப்பட்டு, சமூகத்தில் ஒரு படி கீழே நிறுத்தப்பட்ட வாத்தியக்காரர் உலகிலிருந்து வந்தவர் அவர்.

சிறுவனாக இருந்தபோது மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டார். அந்த ஒலி பிடித்துக்கொண்டது. இதில்தான் வாசிப்பேன் என்று முடிவுசெய்தார். மங்களூரில் கலாநிகேதனத்தின் கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம் கேட்டார். கருவியைத் தன் வசப்படுத்த ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. கர்னாடக இசைக்கேற்பக் கருவியிலேயே சில மாற்றங்களும் செய்துகொண்டார்.

பிறகு சென்னை. இங்கே டி.வி. கோபாலகிருஷ்ணன் அவரை மாணவராக ஏற்றார். செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். பாட்டும் மிருதங்கமும் இரண்டிலும் வல்லவர். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவுக்கும் கர்னாடக இசை கற்பித்தவர் இவரே. கதவைத் திறந்துவைக்கும் ஓர் ஆசிரியரால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இரண்டு மாணவர்களே போதும்.

சபா உலகில் ஒரு புதிய கருவி நுழைவது எப்படி என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். வயலினும் வெளிநாட்டுக் கருவிதான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டு கர்னாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாமல் கச்சேரியே இல்லை. அதை அந்நியம் என்று யாரும் சொல்வதில்லை. கிளாரினெட்டும் அதே நூற்றாண்டில் வந்தது. ஆனால் அது வந்தது நட்டுவனார்கள் வழியாக, சதிர் ஆடிய பெண்களின் சின்னமேளத்துக்கு. கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக அதற்கு மதிப்பு வாங்கித்தர ஏ.கே.சி. நடராஜன் போன்ற ஒரு மேதையின் வாழ்நாள் தேவைப்பட்டது. இரண்டும் வெள்ளைக்காரன் கருவிகள்தாம். கொண்டுவந்த கைகள் வேறு.

இதற்குள் தீட்டுக் கணக்கும் இருக்கிறது. தோல் தீட்டு, எச்சில் தீட்டு. வாயில் வைத்து ஊதும் பெரிய வாத்தியங்கள் சில சாதியாருக்கு விடப்பட்டதில் இந்த இரண்டாவது கணக்குக்கும் பங்கு உண்டு. புல்லாங்குழல் மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. கண்ணன் கையில் இருந்த சலுகை போலும்.

இந்தச் சூழலில்தான் கோபால்நாத் சாக்ஸபோனோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். வர்ணம், கீர்த்தனை, ராக ஆலாபனை, தனி ஆவர்த்தனம் என்று சபாவின் இலக்கணம் முழுவதையும் குறையில்லாமல் வாசித்தார். பக்கத்தில் கன்னியாகுமரியின் வயலின். கருவிதான் புதிது, இசையில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று கேட்டவர்களை ஒப்புக்கொள்ள வைத்தார்.

1980, பம்பாய்

அவர் பெயர் உலகுக்குத் தெரியக் காரணமானது ஜாஸ். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹாண்டி அவர் வாசிப்பைக் கேட்டார். ஹாண்டி 1933-இல் டெக்சாஸின் டல்லாஸ் நகரில் பிறந்த கறுப்பினக் கலைஞர். அவரும் ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர். 1975-லேயே சரோத் மேதை அலி அக்பர் கானோடு சேர்ந்து இசைத்தட்டு பதிவுசெய்தவர். கேட்டதும் தானும் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். வாசித்தார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? ஜாஸிலும் கர்னாடக இசையிலும் எழுதிவைத்ததை அப்படியே ஒப்பிப்பவர் பெரிய கலைஞர் ஆக மாட்டார். மேடையில், அந்த நொடியில் கற்பனை செய்தாக வேண்டும். நாம் அதை மனோதர்மம் என்கிறோம். ஆனால் ஜாஸில் பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் அடுக்குகள் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தைத் துரத்திக்கொண்டே வாசிப்பவர் போக வேண்டும். ராக இசையில் சுருதி அசையாது. ஒரு ராகத்துக்குள்ளேயே தங்கி ஆழமாகப் போக வேண்டும். 1950-களின் இறுதியில் மைல்ஸ் டேவிஸும் கோல்ட்ரேனும் அந்த அடுக்குகளைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நீண்ட நேரம் நிற்கும் முறையை ஜாஸில் நிலைநிறுத்தினார்கள். கோல்ட்ரேன் 1961-இல் 'இந்தியா' என்றே ஓர் இசையைப் பதிவுசெய்தார். ரவிசங்கரின் நினைவாக மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். ஆகவே ஹாண்டியும் கோபால்நாத்தும் சந்தித்தபோது, பாதி வழியை ஜாஸ் முன்பே நடந்து வந்திருந்தது.

அந்த மேடையில் நடந்த ஒன்று என் கவனத்தைப் பிடிக்கிறது. இந்தக் கருவியில் இந்த இசையை வாசிக்கலாமா என்ற கேள்வியோடு அவர் வாசித்துவந்த காலம் அது. ஹாண்டி அந்தக் கேள்வியையே எழுப்பவில்லை. ராணுவ பேண்டுக்காகச் செய்யப்பட்ட குழலைத் தம் மொழியாக்கிய ஒரு மக்களின் பிள்ளை, அதையே இன்னொரு மொழியாக்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார்.

அதன்பிறகு ஐரோப்பாவின் ஜாஸ் விழாக்கள், மெக்சிகோ என்று பயணங்கள். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. நடத்தும் பிராமனேட் கச்சேரித் தொடரில் வாசித்தார். அதே ஆண்டு கே. பாலசந்தரின் 'டூயட்' வெளிவந்தது, இசை ஏ.ஆர். ரகுமான். படத்தின் நாயகன் பிரபு ஒரு சாக்ஸபோன் கலைஞன். நாம் கேட்டது கோபால்நாத்தின் மூச்சை. அதுவரை தமிழ்ப் படங்களில் சாக்ஸபோன் ஒலித்தால் பெரும்பாலும் அது கிளப் டான்ஸ், மதுக்கிண்ணம், கெட்டவள் என்று அடையாளப்படுத்தப்பட்ட ஒரு பெண். அந்த முத்திரையை இந்தப் படம் கழற்றியது. 2004-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பாவுக்கு அவர் அண்ணன் வேடிக்கையாகக் கொடுத்த பரிசு கோபால்நாத்தின் இசைத்தட்டு. 1971-இல் பிறந்த மகந்தப்பா ஜாஸ் சாக்ஸபோன் மாணவர், பெற்றோர் கர்நாடகத்துக்காரர்கள். தன் கருவியில் இப்படியும் ஓர் உலகம் உண்டா என்று வியந்தார். பின்னாளில் இருவரும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' 2008-இல் வெளிவந்தது. அந்தச் சொல்லுக்கு உறவினர் என்று பொருள். அதைக் கேட்டால் யார் ஜாஸ், யார் கர்னாடகம் என்று எளிதில் பிரித்துவிடலாம். யாரும் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. உறவென்று சொல்ல ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நல்ல சான்று அது.

இன்னொரு வாசல்

இதுவரை சொன்னது மேடைக்கு ஏறிய சாக்ஸபோனின் கதை. நம் தெருவுக்கு அது வேறொரு வாசல் வழியாக ஏற்கெனவே வந்திருந்தது. தஞ்சை சரபோஜி மன்னர் காலத்திலிருந்தே அரண்மனைகளில் ஆங்கில பேண்டு இருந்தது. ராணுவத்திலும் காவல்துறையிலும் இருந்தது. அங்கிருந்து அது கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட்டாக இறங்கியது. பறையடிக்க மாட்டோம் என்று நம்மவர்கள் மறுத்த ஊர்கள் சிலவற்றில் அந்த இடத்துக்கு பேண்டு செட் வந்தது. சட்டை உண்டு, தொப்பி உண்டு, பேசி வாங்கும் கூலி உண்டு. அதனால் நம் பிள்ளைகள் பலர் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் எடுத்தார்கள்.

ஆனால் அந்தச் சட்டைக்குள்ளும் சாதி வந்து உட்கார்ந்துகொண்டது. கருவி ஒன்றுதான். சபாவில் ஒலித்தால் 'புதுமை'. தெருவில் ஒலித்தால் 'பேண்டுக்காரன்'. சபாக்காரர் வாசிப்பது ராகம். இவர் வாசிப்பது சத்தம். மார்கழியில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள் நிரம்பி வழிகின்றன. அதே மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் பேண்டு செட்காரருக்குக் கல்யாண வேலையே கிடையாது. ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில், ஒரே குழலுக்கு இரண்டு நாட்காட்டிகள்.

கருவியின் உள்ளேயும் ஒரு செய்தி இருக்கிறது. சாக்ஸபோனின் துளையை மூடும் மூடிகளின் அடியில் இருப்பது தோல். அது இறுகப் பதிந்தால்தான் ஸ்வரம் சுத்தமாக வரும். பக்கவாத்தியமான மிருதங்கத்திலும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும். அந்தத் தோலைப் பதப்படுத்தி மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். 2020-இல் அதை வெளியிட, இந்தக் கொட்டிவாக்கத்துக்குப் பக்கத்தில் திருவான்மியூரில் இருக்கும் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் தர ஒப்புக்கொண்டு, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. மிருதங்கம் அந்த வளாகத்துக்குள் தினமும் போகிறது. அதைச் செய்தவர்களைப் பற்றிய புத்தகத்துக்குத்தான் அன்று வழி கிடைக்கவில்லை.

கோபால்நாத்தின் சாதனையை இதனால் நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் திறந்த வழியில் பலர் வந்தார்கள். அவரிடம் கற்ற லாவண்யா, சுப்புலட்சுமி சகோதரிகள் பெண்கள் ஊதக்கூடாது என்ற தடையையும் தாண்டிக் காட்டினார்கள். ஆனால் அவருக்கு வாய்த்த மூன்றை எண்ணிப் பாருங்கள். சிறுவயதிலேயே வீட்டில் இசை. கதவைத் திறந்த ஆசிரியர். ஒரு கருவிக்காகச் செலவிட 20 ஆண்டுகள். பேண்டு செட்டில் வாசிக்கும் நம் பையனுக்கு இதில் முதலாவது உண்டு. மற்ற இரண்டும் இல்லை. அவன் காதுக்குக் குறையில்லை. ஒரு சினிமாப் பாட்டை இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை வாசித்துவிடுகிறான். கிடைக்காதது பாடமும் நேரமும்தான்.

ஜாஸ் நமக்குச் சொல்வது இங்கே உதவும். கறுப்பின மக்கள் சிம்பொனி மண்டபத்தின் கதவு திறக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. தங்கள் தெருவில் வாசித்ததையே வளர்த்தார்கள், இசைத்தட்டில் பதிந்தார்கள், அதைப் பற்றி எழுதினார்கள், தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு மண்டபம் அவர்களைத் தேடி வந்தது. 2018-இல் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் மேற்கத்தியக் கருவிகளையும் ஒன்றாக நிறுத்தியது. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' சபாக்களின் மாதத்தையே நம் மாதமாகவும் ஆக்கியது. வழி தொடங்கிவிட்டது.

இந்த மன்றத்திடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. நம் பகுதிகளில் பேண்டு செட்டில் வாசித்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் யாரிடம் கற்றார்கள், முதல் கருவியை எப்படி வாங்கினார்கள், எந்த வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டார்கள் என்பதை அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவுசெய்வோம். நம் கதைகளில் பறைக்கு வந்த இடம் இவர்களுடைய குழலுக்கும் வரட்டும். அடுத்த மார்கழியில், வேலை இல்லாத அந்த 30 நாட்களில் ஒரு மாலை, ஒரு பேண்டு செட்டை அழைத்து மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசித்த அவர்கள், அன்று உட்கார்ந்து, அவர்கள் விரும்பியதை, விரும்பும் நேரம் வரை வாசிக்கட்டும். நாம் பேசாமல் கேட்போம்.